வட ஐரோப்பாவில் இருவருக்கான குறும்பயணம்: திட்டமிடும் முறை

வட ஐரோப்பாவின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காரும் எந்தத் தம்பதிக்கும் முதலில் வருவது பேராசைதான். கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, தாலின் ஆகிய நான்கும் அடுத்த தெருக்கள்போலத் தோன்றும். ஐந்து நாள் விடுப்பில் நான்கையும் முடித்துவிடலாம் என்று கணக்கும் போட்டுவிடுவோம். நானும் என் மனைவியும் முதல் பயணத்தை அப்படித்தான் அமைத்தோம். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் காலையில் பெட்டி கட்டுவது, பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ அறையைக் காலி செய்வது, அடுத்த ஊரில் மாலை மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்பதால் அதுவரை பெட்டியை வைக்க இடம் தேடுவது என்று பாதிப் பொழுது கரைந்தது. வீடு திரும்பியபோது நான்கு ஊர்களின் ரயில் நிலையங்களும் துறைமுகங்களும் நன்றாக நினைவிருந்தன. ஊர்கள்தாம் நினைவில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம்: மூன்று இரவு, ஒரே அறை, ஒரு பெரிய நகரம், அதன் பக்கத்தில் ஒரு சிற்றூர். கீழே சொல்வன எல்லாம் இந்த விதியையும், அதை மீறலாம் என்று எங்களுக்குத் தோன்றிய இரண்டொரு இடங்களையும் பற்றியவை.

எந்த நகரத்தோடு எந்த ஊர்

பெரிய நகரத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட அதற்குத் துணையான சிற்றூரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். அந்த ஊர் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடியதாக இருக்க வேண்டும். நகரத்திலிருந்து குணத்தில் வேறுபட்டதாகவும் இருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமுக்கு உப்சாலா அப்படிப்பட்ட துணை. ரயிலில் சுமார் 40 நிமிடம். 1477இல் தொடங்கிய பல்கலைக்கழகம், தாவரவியலாளர் லின்னேயஸ் பராமரித்த தோட்டம், கிட்டத்தட்ட 119 மீட்டர் உயரமுள்ள பேராலயம் ஆகியவை நடந்து பார்க்கும் தொலைவில் உள்ளன. கோடையில் சென்றால் நான் உப்சாலாவைவிட வாக்ஸ்ஹோமைத்தான் பரிந்துரைப்பேன். ஸ்டாக்ஹோமின் கிழக்கே சுமார் 30,000 தீவுகளும் பாறைத்திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் வாசலில் உள்ள அந்தச் சிற்றூருக்குப் படகில் செல்ல ஒரு மணி நேரம் ஆகும். அங்கே பார்ப்பதற்கென்று பட்டியல் போட அதிகம் இல்லை, படகில் போய் வருவதுதான் காரியம்.

ஹெல்சிங்கிக்கு போர்வோ. கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர், பேருந்தில் ஒரு மணி நேரம். ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் செங்காவி பூசிய மரக்கிடங்குகளும், அவற்றுக்கு மேலே சரிவில் ஏறும் மரவீட்டுத் தெருக்களும் அரை நாளுக்குப் போதுமானவை. மீதி அரை நாளை சுவோமென்லின்னா தீவுக்கோட்டைக்கு ஒதுக்கலாம். பின்லாந்து ஸ்வீடனின் ஆட்சியில் இருந்தபோது, 1748இல் கட்டத் தொடங்கப்பட்ட கோட்டை அது. சந்தைச் சதுக்கத்திலிருந்து நகரப் போக்குவரத்துப் படகு கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. டிராமுக்கு எடுத்த நகரச் சீட்டே அதற்கும் செல்லும் என்பது பலருக்குத் தெரியாமல் சுற்றுலாப் படகுக்குத் தனிப் பணம் கொடுக்கிறார்கள். லாட்வியத் தலைநகர் ரீகாவுக்கு யூர்மலா கடற்கரை இருக்கிறது, ரயிலில் அரை மணி நேரம். செப்பலின் வான்கப்பல்களுக்காகக் கட்டிய கொட்டகைகளைக் கொண்டுவந்து அமைத்து 1930இல் திறந்த ரீகா மத்தியச் சந்தையில் காலையில் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு யூர்மலா ரயில் ஏறுவது நல்ல வழக்கம். சந்தை ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

நார்வேயில் மட்டும் என் விதி செல்லாது. ஒஸ்லோவிலிருந்து பெர்கன் செல்லும் ரயில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஓடி, 1,222 மீட்டர் உயரத்திலுள்ள பின்சே நிலையத்தைக் கடந்து மேற்குக் கடற்கரைக்கு இறங்குகிறது. அந்தப் பயணமே பார்க்க வேண்டிய காட்சி என்பதால், ஒஸ்லோவில் ஓரிரவும் பெர்கனில் இரண்டு இரவுகளும் தங்கி, பெர்கனிலிருந்தே விமானம் ஏறிவிட வேண்டும். வந்த வழியே திரும்புவது வீண். பெர்கனில் ஆண்டுக்கு 200 நாட்களுக்கு மேல் மழை பெய்யும் என்பதால் இரண்டு இரவில் ஒரு பகலாவது நனையும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வானம் வெளுத்த உடனே மற்ற வேலையை விட்டுவிட்டு, 1918 முதல் ஓடும் இழுவை ரயிலில் பிளோயன் மலைக்கு ஏறிவிடுங்கள்.

விசா தேவைப்படுகிறவர்கள் இந்தக் கட்டத்திலேயே இரவுகளை எண்ணிக்கொள்ள வேண்டும். டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, பால்டிக் நாடுகள் மூன்று (எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா) ஆகிய அனைத்தும், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் ஒரு விசா போதும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். தம்பதியானாலும் விண்ணப்பம் தனித்தனிதான்.

பொழுதை வைத்தே திட்டம்

இங்கே மாதத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது வெளிச்சத்தைத் தேர்ந்தெடுப்பது. டிசம்பர் இறுதியில் ஸ்டாக்ஹோமில் மாலை மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பகல் மொத்தம் ஆறு மணி நேரம். ஜூனில் அதே ஊரில் பகல் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல். ஆகவே குளிர்காலப் பயணத்தில் காலை ஒன்பதரை முதல் பிற்பகல் இரண்டரை வரை தெருவிலும் நீர்க்கரையிலும் இருந்துவிட்டு, இருட்டிய பின் அருங்காட்சியகத்துக்குள் நுழைய வேண்டும். 1628இல் முதல் பயணத்திலேயே துறைமுகத்தைத் தாண்டாமல் மூழ்கி, 1961இல் மேலே எடுக்கப்பட்ட வாசா கப்பல், மரத்தைப் பாதுகாப்பதற்காக எப்போதும் மங்கிய ஒளியில்தான் நிற்கிறது. வெளியே வெளிச்சம் இருக்கும் சொற்ப நேரத்தை அதற்குள் செலவழிப்பது வீண்செலவு. கோடையில் இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும்: நண்பகல் கூட்டத்தில் உள்ளே, இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில். கோடையில் தூங்குவதற்குக் கண்மறைப்புத் துணி எடுத்துச் செல்லுங்கள். எல்லா விடுதிகளின் திரைச்சீலையையும் நம்ப முடியாது.

இருவர் மட்டும் செல்லும் பயணத்துக்கு மே கடைசி வாரமும் ஆகஸ்ட் பிற்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரையிலான நாட்களும் மிகவும் ஏற்றவை என்பது என் கணிப்பு. தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஸ்வீடனில் ஜூன் 19க்கும் 25க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமை கோடை நடுநாள் விழா. பின்லாந்திலும் அதையொட்டியே வரும். அந்த வார இறுதியில் நகரவாசிகள் கிராமத்து வீடுகளுக்குப் போய்விடுவதால் தலைநகரங்களே கதவடைத்ததுபோல் இருக்கும். நார்வேயில் மே 17 தேசிய நாள்; ஊர்வலங்கள் அழகானவை, ஆனால் ஒஸ்லோவில் அந்த நாளுக்கு அறை வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எந்த மாதமானாலும் திங்கட்கிழமைகளில் பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதையும், நார்வேயில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறக்கா என்பதையும் நினைவில் வைத்து வெள்ளி முதல் திங்கள் வரையிலான பயணத்தை அடுக்குங்கள்.

விமானச்சீட்டு, அறை, சாப்பாடு

மலிவான சீட்டு கண்ணில் பட்டால் விமான நிலையத்தின் முழுப் பெயரையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஸ்டாக்ஹோம் என்ற பெயரோடு விற்கப்படும் ஸ்காவ்ஸ்டா நகரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒஸ்லோவின் பெயரைச் சேர்த்துக்கொண்ட டோர்ப் அதைவிடவும் தொலைவு. மூன்று நாள் பயணத்தில் போக வர நான்கு மணி நேரத்தைப் பேருந்துக்குக் கொடுத்துவிட்டு, சீட்டில் மிச்சம் பிடித்தோம் என்று மகிழ முடியாது. இதற்கு நேர்மாறு கோபன்ஹேகன்: விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு ரயிலில் கால் மணி நேரம், மெட்ரோ இரவு முழுதும் ஓடும். ஒஸ்லோவில் விமான நிலைய விரைவு ரயிலுக்கும் சாதாரண வட்டார ரயிலுக்கும் நேரத்தில் சில நிமிடங்களே வேறுபாடு, கட்டணத்தில்தான் பெரிய வேறுபாடு. நாங்கள் எப்போதும் வட்டார ரயிலையே எடுக்கிறோம்.

வட நாட்டுத் தலைநகர விடுதிகள் வாரநாட்களில் அலுவல் பயணிகளை நம்பி நடப்பவை. எனவே வெள்ளி, சனி இரவுகளிலும் ஜூலையிலும் அறை வாடகை குறைந்திருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறோம்.

அறைக்குள் நுழைந்ததும் புதியவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். இருவர் கட்டிலின் மீது ஒரு பெரிய போர்வைக்குப் பதிலாக, ஒருவர் அகலத்துக்கு இரண்டு தடித்த போர்வைகள் நீளவாக்கில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மெத்தையும் பல இடங்களில் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு பள்ளத்தோடு இருக்கும். முதல் முறை வரவேற்பு மேசைக்குப் போய், அறையை மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்று நான் சொல்ல, அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இங்கே தம்பதிகள் இப்படித்தான் உறங்குகிறோம் என்றார். போர்வையை இழுத்துக்கொள்ளும் இரவுச் சண்டை இல்லாமல் போன மூன்றாம் நாள், இதை வீட்டிலும் செய்தால் என்ன என்று கேட்டவள் என் மனைவி.

சாப்பாட்டுச் செலவைக் கட்டுப்படுத்த உள்ளூர்க்காரர்களின் நேரத்தைப் பின்பற்றினால் போதும். விடுதி வாடகையில் காலை உணவும் சேர்ந்திருந்தால், ரை என்ற தானியத்தில் செய்த கருத்த ரொட்டி, பாலாடைக்கட்டி, முட்டை, தயிர், பெர்ரிப் பழங்கள் என்று மதியம் வரை தாங்கும். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வாரநாட்களில் பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை உணவகங்கள் மதியச் சாப்பாடு ஒன்றைத் தனி விலையில் தருகின்றன. சாலட், ரொட்டி, காபி எல்லாம் அதிலேயே அடங்கும். அதே உணவகத்தில் இரவு சாப்பிட்டால் செலவு இரண்டு மடங்கைத் தாண்டலாம். ஆகவே உட்கார்ந்து சாப்பிடுவதை மதியத்தில் வைத்துக்கொண்டு, இரவுக்கு அங்காடியில் வாங்கியதை நீர்க்கரையில் வைத்துச் சாப்பிடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பட்டியலில் பின்னிஷ் மொழியில் கஸ்விஸ் என்ற சொல்லைத் தேடலாம். ஸ்காண்டிநேவிய மொழிகளில் அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு அருகிலேயே இருப்பதால் சிரமம் இல்லை. குழாய்த் தண்ணீர் எங்கும் குடிக்கத் தக்கது. புட்டித் தண்ணீர் வாங்காதீர்கள்.

நீரிணையைச் சுற்றி ஒரு நாள்

கோபன்ஹேகனில் தங்குபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஒரு நாள் திட்டம் உண்டு. டென்மார்க்கையும் ஸ்வீடனையும் பிரிக்கும் ஓரெசுண்ட் நீரிணையை வடக்கே படகிலும் தெற்கே பாலத்திலும் கடந்து ஒரு சுற்றுச் சுற்றி வருவது அது. காலையில் மத்திய நிலையத்திலிருந்து கடற்கரை ரயிலில் வடக்கே செல்லுங்கள்; வலப்பக்கம் உட்கார்ந்தால் மரங்களின் இடையே கடல் தெரியும். சுமார் 45 நிமிடத்தில் ஹெல்சிங்கோர் வந்துவிடும். கலையில் நாட்டமுள்ளவர்கள் சற்று முன்னதாகவே ஹும்லெபெக்கில் இறங்கி, 1958இல் திறந்த லூயிசியானா அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். ஆனால் அதையும் கோட்டையையும் ஒரே நாளில் திணித்தால் மாலையில் கால் கெஞ்சும். கலைக்கூடத்துக்கென்று தனி நாள் இல்லையென்றால் இரண்டில் ஒன்றைக் கைவிடுங்கள்.

ஹெல்சிங்கோரில் நிலையத்திலிருந்தே குரோன்போர்க் கோட்டையின் பசுமையேறிய செம்புக் கோபுரங்கள் தெரியும். அந்தக் கோட்டை அங்கே ஏன் நிற்கிறது என்பதைக் கரையில் நின்று எதிரே பார்த்தாலே புரிந்துவிடும்: நீரிணை அங்கே சுமார் நான்கு கிலோமீட்டர் அகலமே. 1429 முதல் 1857 வரை, அவ்வழியே சென்ற வெளிநாட்டுக் கப்பல்களிடம் டேனிஷ் மன்னர்கள் சுங்கம் வாங்கினார்கள். கொடுக்காதவர்களுக்குப் பீரங்கி எட்டும் தூரம். கோட்டைக்குள் செல்வதற்குக் கட்டணம் உண்டு, வெளி அரண்மீது நடப்பதற்கு இல்லை. நேரம் குறைவானால் அரண்மீது நடந்தாலே போதும்.

அங்கிருந்து படகில் இருபது நிமிடம், ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க். அங்கே அதிகம் தங்காமல் ரயிலில் மால்மோவுக்கு இறங்கி, லில்லா டோர்க் என்ற கல்பாவிய சிறு சதுக்கத்தில் காபியும் ஏலக்காய் மணக்கும் இனிப்பு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு மாலை ரயிலில் திரும்புங்கள். 2000இல் திறந்த பாலத்தின் நீளம் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். கார்கள் மேல்தளத்திலும் ரயில் கீழ்த்தளத்திலும் செல்வதால், சாய்ந்த இரும்புச் சட்டங்களின் ஊடே கடல் வெட்டி வெட்டித் தெரியும். பிறகு ஒரு செயற்கைத் தீவு, அதன் முடிவில் ரயில் திடீரென்று கடலுக்கடியில் நுழைந்துவிடும். கோபன்ஹேகன் விமான நிலையம் அருகில் இருப்பதால் உயரமான தூண்கள் விமானங்களுக்கு இடைஞ்சலாகும் என்பதும், கப்பல் வழியைத் திறந்து வைக்க வேண்டும் என்பதுமே அந்தக் கடைசி நான்கு கிலோமீட்டரைச் சுரங்கமாக்கியதற்குக் காரணம். மால்மோவிலிருந்து கோபன்ஹேகனுக்குச் சுமார் 40 நிமிடம்.

இந்தச் சுற்றில் இரண்டு எச்சரிக்கைகள். ஷெங்கனுக்குள் என்றாலும் இந்த எல்லையில் சோதனை நடப்பதுண்டு; கடவுச்சீட்டு இருவரிடமும் கையில் இருக்க வேண்டும், விடுதி அறையில் அல்ல. கோபன்ஹேகன் நகரச் சீட்டு ஸ்வீடன் பக்கத்தில் செல்லாது. படகுக்கும் ஸ்வீடன் ரயிலுக்கும் தனித்தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும்.

கப்பலில் செல்லும்போது

ஹெல்சிங்கிக்கும் எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்கும் இடையே சுமார் 80 கிலோமீட்டர் கடல், கப்பலில் இரண்டு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் உடன்படவில்லை. பகலில் பழைய நகரம் சுற்றுலாக் கப்பல் கூட்டத்தின் கையில் இருக்கிறது. மாலையில் அவர்கள் திரும்பிய பிறகுதான் 1404இல் கட்டி முடித்த நகர மண்டபத்தின் சதுக்கத்தில் காலடி ஓசை கேட்கும். அதே சதுக்கத்தில் குறைந்தது 1422 முதல் இயங்கிவருவதாகப் பதிவுள்ள மருந்துக்கடை இன்றும் மருந்து விற்கிறது. ஆகவே தாலினில் ஓரிரவாவது தங்குங்கள். தெருக்கள் உருண்டைக் கல் பாவியவை. சக்கரப் பெட்டியை அதன்மீது இழுத்துச் செல்லும் சத்தத்துக்கு ஊரே திரும்பிப் பார்க்கும், சக்கரமும் தேறாது, முதுகுப்பையே நல்லது. தாலினில் பொதுப் போக்குவரத்து இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2013இலிருந்து அது அந்நகரில் பதிவு செய்த குடியிருப்பாளர்களுக்கு மட்டுமே. விருந்தினர் சீட்டு எடுக்க வேண்டும்.

ஹெல்சிங்கியில் பயணிகள் கப்பல் துறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. மேற்குத் துறையும் கடயனோக்காவும் நகரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. சீட்டில் எழுதியிருந்ததைப் படிக்காமல், முந்தைய நாள் நடந்தபோது கண்ணில் பட்ட கப்பலை நம்பிக் கடயனோக்காவுக்குப் போய் நின்றவன் நான்தான். டிராமில் மறுபக்கம் வந்து சேர்ந்தபோது கப்பல் துறையிலேயே நின்றுகொண்டிருந்தது, கதவு மூடிவிட்டது. புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பே ஏறும் வாயில் அடைக்கப்படலாம் என்பதால், சீட்டில் உள்ள துறையின் பெயரையும் வாயில் மூடும் நேரத்தையும் முதல் நாள் இரவே இருவரும் தனித்தனியே படித்துவிடுவது நல்லது. அந்தப் பொறுப்பு இப்போது என்னிடம் இல்லை.

ஒரே அறை என்ற விதியை மீறாமலே இரண்டு தலைநகரங்களைப் பார்க்க ஒரு வழி, ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கு இரவுக் கப்பல். மாலைக்கு முன்பே புறப்பட்டு மறுநாள் காலை சேர்கிறது. பெட்டி கட்ட வேண்டியதில்லை, அறையே ஊர் மாறுகிறது. முதல் சில மணி நேரம் தீவுகளின் ஊடே செல்வதால் அப்போது உணவகத்தில் உட்காராமல் மேல்தளத்தில் நில்லுங்கள். கோடையில் சன்னலுள்ள அறைக்குக் கூடுதல் பணம் தகும். டிசம்பரில் வெளியே பார்க்க இருட்டுதான், உள்ளறை போதும். நள்ளிரவில் கப்பல் பின்லாந்தின் ஓலாந்துத் தீவில் சிறிது நேரம் நிற்பது யாரையும் ஏற்றுவதற்கு மட்டுமல்ல. அந்தத் தீவு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே தொட்டுச் செல்லும் கப்பலில் வரியில்லா விற்பனை நடத்தலாம். பின்லாந்து நேரம் ஸ்வீடனைவிட ஒரு மணி முந்தியது. காலை உணவைத் தவறவிடாமலிருக்க இரவே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துவிடுங்கள்.

பணம்

டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றிலும் குரோன் அல்லது குரோனா என்றுதான் பெயர், ஆனால் மூன்றும் வெவ்வேறு பணம். ஒன்று மற்றொன்றில் செல்லாது. பின்லாந்திலும் பால்டிக் நாடுகள் மூன்றிலும் யூரோ. ஸ்வீடனில் நோட்டை வாங்க மறுக்கும் கடைகள் மிகுதி, பேருந்துகள் வாங்குவதே இல்லை. ஆகவே இருவரிடமும் வெவ்வேறு வங்கி அட்டைகள் இருக்கட்டும். அட்டைக்கருவி உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஸ்டாக்ஹோமில் ஒரு முறை எடுத்த நகரப் போக்குவரத்துச் சீட்டு 75 நிமிடத்துக்குச் செல்லும் என்பதால், குறுகிய வேலைகளுக்கு அதே சீட்டில் திரும்பியும் வந்துவிடலாம்.

சேர்ந்தும் பிரிந்தும்

மூன்று நாளும் தோளோடு தோளாகத்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. ஸ்டாக்ஹோமின் பழைய நகரத்தில் மோர்டன் ட்ரோட்சிக் சந்து என்று ஒன்று இருக்கிறது. 36 படிகள், மிகக் குறுகிய இடத்தில் அகலம் 90 சென்டிமீட்டர். அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும், எதிரே யாராவது இறங்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஹெல்சிங்கியில் 1928இல் திறந்த, விறகில் சூடாகும் கோட்டிஹர்யு நீராவிக் குளியலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள். அங்கே நுழைவாயிலில் பிரிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து வாசலில் சந்திப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். சேர்ந்தே உட்கார விரும்பினால் நீச்சலுடையோடு இருபாலரும் செல்லும் லோய்லு போன்ற கடலோரக் குளியல்களுக்கு முன்பதிவு செய்யலாம். கோபன்ஹேகனில் வாடகை மிதிவண்டி எடுத்தால் அருகருகே ஓட்டிக்கொண்டு பேசும் ஆசையை விட்டுவிடுங்கள். பின்னால் வேலைக்கு விரைபவர்கள் மணியடித்துக்கொண்டே வருவார்கள். நிற்பதற்கு முன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் திட்டு கிடைக்கும். ஒரு பிற்பகலையாவது ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி கழிக்க ஒதுக்கினால், இரவு உணவின்போது சொல்வதற்கு இருவரிடமும் ஏதாவது இருக்கும்.

கடைசி நாளுக்குப் புதிய இடம் எதையும் வைக்காதீர்கள். அறையைக் காலி செய்தபின் பெட்டிகளை விடுதியிலேயே விட்டுவைக்கலாம். விமான நிலைய ரயிலில் ஏறுவதாக இருந்தால் நிலையத்துப் பெட்டகத்தில் வைப்பது நடையை மிச்சப்படுத்தும். தாலினிலிருந்து புறப்படுபவர்களுக்கு அந்த ஏற்பாடும் அதிகம் தேவைப்படாது: விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர்தான், மதியச் சாப்பாட்டை நிதானமாக முடித்துவிட்டே கிளம்பலாம்.